கட்டட வேலையில் உயிருக்குப் பாதுகாப்பு: சைட்டில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயரிங் வேலைக்கு உதவியாளாகப் போய், பிறகு சொந்தமாக வேலை எடுத்து, இப்போது சின்னச் சின்ன வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்த்து வருகிறேன். பெரிய கம்பெனி சைட்டில் பாதுகாப்புக்கென்றே ஒரு அதிகாரி இருப்பார். மூன்று சென்ட் இடத்தில் வீடு கட்டும்போது அப்படி யாரும் கிடையாது. மேஸ்திரி, இரண்டு கொத்தனார், நாலு சித்தாள், அப்புறம் வந்து போகும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ்காரர், பெயிண்டர். அவ்வளவுதான். இந்த மாதிரி சைட்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாத் தொழிலையும் சமமாகத் தொடவில்லை. எங்கே ஆள் சாகிறார்களோ அங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

போர்டில் எம்சிபி இருக்கிறதே, ஆர்சிசிபி வேறு எதற்கு?

எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். அது காப்பாற்றுவது வயரை. ஆளை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் உடனே புரியும். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். வேர்வையில் நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓம். அப்படியானால் உடம்பு வழியாகப் போவது கால் ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் பாதிகூட வேண்டாம். 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான். விழவே விழாது. நீங்கள் துடித்துக்கொண்டிருப்பீர்கள், அது நிமிர்ந்தபடி நிற்கும்.

ஆர்சிசிபி வேறு வேலை செய்கிறது. பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ ஒரு ஆள் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வாங்கும்போது முகப்பில் 30 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று போட்டவை தீவிபத்தைத் தடுக்க வைப்பவை, ஆளைக் காப்பாற்ற அவை போதாது. அதன் மேலேயே ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். வீட்டில் மாதம் ஒருமுறை அழுத்தினால் போதும். சைட்டில் நான் தினமும் காலையில் அழுத்திப் பார்த்த பிறகுதான் மெஷினை எடுக்க விடுகிறேன்.

ஒரு மழைநாளில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை உதறினார். "சுரீர்னு இருந்துச்சுண்ணே, அவ்வளவுதான்" என்றார். போய்ப் பார்த்தால் ஆர்சிசிபி விழுந்திருந்தது. மெஷினின் கைப்பிடிக்கு உள்ளே வயர் உரசி, செம்பு தெரிந்தது. அதே மெஷினை முந்தின வாரம் வேறொரு சைட்டில் ஓட்டியிருக்கிறார். அங்கே போர்டில் வெறும் ஃபியூஸ் கட்டை.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ஒரு கை பேஸிலும் இன்னொரு கை நியூட்ரலிலும் பட்டால், போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்துவிடும். அப்போது ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்து வேலை கெடுகிறது. நேரடியாக இணைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது சும்மா விழவில்லை, எங்கோ கசிகிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு. பெரும்பாலும் தரையில் ஈரத்தில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்த, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர். பிளக் டாப் இல்லாமல் வயரைச் சீவிச் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்குகிறோமே, அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அதில் எர்த் இணைப்பே இல்லாமல் போகிறது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

டெஸ்டர் எரியவில்லை என்றால் கை வைக்கலாம்தானே?

டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றாலோ, வெயிலில் அதன் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ "கரண்ட் இல்லை" என்றே தோன்றும். முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அப்புறம் வேலை செய்யும் இடத்தில். அது முடிந்ததும் மறுபடி பழைய இடத்தில். மூன்றும் சரியாக வந்தால்தான் நம்பலாம். முடிந்தால் மல்டிமீட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பழைய வயர்மேன்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். நீங்கள் மாடியில் இருக்கும்போது கீழே ஒருவர் "என்ன கரண்ட் இல்லை?" என்று மெயினைத் தூக்கிவிட முடியாது. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. குடியிருக்கும் வீடாக இருந்தால் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். மெயினை அணைத்த மறுநொடியே அது பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டைக் கொடுக்க ஆரம்பித்துவிடும். இதைக் கவனிக்காமல் சீலிங் ஃபேன் வயரில் கை வைத்து ஏணியிலிருந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மொட்டை மாடிக்குப் பக்கத்தில் ஈபி லைன் போகிறது. தொடாமல் வேலை பார்த்தால் போதுமா?

11,000 வோல்ட் லைனுக்குத் தொடுவது என்பதே தேவையில்லை. கம்பியை மிக நெருக்கத்தில் கொண்டுபோனாலே நெருப்பாகப் பாய்ந்துவிடும். கட்டடத்துக்கும் 11 கேவி லைனுக்கும் நடுவே பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதி இருக்கிறது. அது வெறும் கட்டடத்துக்கான அளவு. 12 மீட்டர் நீளக் கம்பியைத் தோளில் வைத்து மாடியில் ஒருவர் திரும்பும்போது அந்த 1.2 மீட்டர் எந்த மூலைக்கு? கம்பி, அலுமினிய ஏணி, பெயிண்ட் ரோலர் மாட்டிய நீளக் குழாய், மழையில் நனைந்த சவுக்குக் கம்பு என்று எல்லாமே ஆபத்துதான்.

வேலை தொடங்கும் முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை மாற்றவோ, வேலை நடக்கும் நேரத்தில் இணைப்பை நிறுத்தவோ கேளுங்கள். மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் பேசலாம். கம்பியைக் கீழிருந்து செங்குத்தாகத் தூக்காமல், லைன் இல்லாத பக்கமாகப் படுக்க வைத்து ஏற்றுங்கள். ஒருவருக்கு லைனில் அடிபட்டுவிட்டால் மின்வாரியம் நிறுத்தியதாகச் சொல்லும்வரை பக்கத்தில் போகாதீர்கள். வீட்டுக் கரண்டில் காய்ந்த கட்டையால் தள்ளுவோமே, அது இங்கே செல்லாது.

புதிதாகக் கட்டிய சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), ஒரு சொட்டுச் சாக்கடைகூடப் போகவில்லை. அதில் எப்படி விஷவாயு வரும்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியம். கட்டி இரண்டு மூன்று வாரமான சம்ப்பிலும் செப்டிக் டேங்கிலும் சென்டரிங் பலகை (கான்கிரீட் இறுகும்வரை தாங்க அடிக்கும் பலகை) பிரிக்க இறங்கியவர்கள் இறந்த செய்தி தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் வருகிறது. அழுக்கே படாத தொட்டி என்பதால்தான் யாருக்கும் பயம் வருவதில்லை.

உள்ளே நடப்பது இது. மேலே கான்கிரீட் மூடி, இரண்டடிக்கு இரண்டடி ஒரு வாய். அதையும் குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று பலகை போட்டு மூடியிருப்போம். உள்ளே கான்கிரீட் இறுக ஊற்றிய கியூரிங் தண்ணீர் தேங்கி, அதில் சவுக்குக் கம்பும் பலகையும் ஊறி அழுகும். அழுக வைக்கும் கிருமிகள் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிவிடுவது கரியமில வாயு. அது காற்றைவிடக் கனமானது, அடியிலேயே படுத்துக்கிடக்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது என்பது பல நாடுகளில் இருக்கும் வழக்கம். 10-க்குக் கீழே போனால் சீக்கிரமே நினைவு தப்பும், அதைவிட மிகவும் குறைந்தால் ஓரிரு மூச்சிலேயே. ஆக்சிஜன் குறைந்ததற்காக மட்டும் நமக்கு மூச்சு முட்டாது. உடம்பில் கரியமில வாயு ஏறினால்தான் முட்டும். அதனால் பல நேரம் எச்சரிக்கையே இல்லாமல் கால் மடங்கி விழுகிறார்கள். "ஏறிவிடலாம்" என்று நினைக்கக்கூட நேரம் இருக்காது.

பழைய செப்டிக் டேங்கில் இதோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றம் நின்றுபோகும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்பது தலைகீழான முடிவு.

மெழுகுவத்தியோ அரிக்கேன் விளக்கோ இறக்கிப் பார்த்தால் போதாதா?

போதாது. கிணறு வெட்டுபவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், தவறென்று நான் அவர்களைப் பழிக்கவில்லை, அன்றைக்கு வேறு வழி இல்லை. ஆனால் மெழுகுவத்தி அணைவது ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்கு வந்த பிறகு. அதற்கு முன்பே ஆளுக்குத் தடுமாற்றம் வந்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் சுடரே வெடிக்க வைத்துவிடும். நாலு வகை வாயுவைக் காட்டும் கையடக்க மீட்டர் இருக்கிறது. ஒரு ஊரில் இருக்கும் மேஸ்திரிகள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும்.

சரி, பலகையைப் பிரித்துத்தானே ஆக வேண்டும். எப்படி இறங்குவது?

இறங்காமல் இருக்க வழி உண்டா என்று முதலில் யோசியுங்கள். சின்ன சம்ப்புக்கு மூடியை வெளியே வார்த்து, இறுகிய பிறகு துண்டு துண்டாகத் தூக்கி வைத்துவிட்டால் உள்ளே பலகையே கிடையாது. பிரிக்க ஆளும் வேண்டாம். என் சைட்டில் இப்போது இப்படித்தான் செய்யச் சொல்கிறேன். கூலி கொஞ்சம் கூடும். வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முந்தின நாளே வாய்களைத் திறந்து, சுற்றி மறைப்பு கட்டி வையுங்கள். எதிரெதிரே இரண்டு வாய் விட்டிருந்தால் நல்லது. தேங்கிய தண்ணீரை வெளியிலிருந்து மோட்டார் வைத்து இறைத்துவிடுங்கள். பெட்ரோல், டீசல் இன்ஜினை உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. புளோயரில் குழாய் மாட்டி அடிவரை விட்டு, குறைந்தது அரை மணி நேரம் காற்றைத் தள்ளுங்கள். ஆள் உள்ளே இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனை சிலருக்கு வருகிறது. வேண்டாம், ஒரு பொறி போதும், துணி பற்றி எரிந்துவிடும். இறங்குபவர் உடம்பில் தோளையும் தொடையையும் சுற்றும் முழு பெல்ட், அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே. மேலே நிற்பவருக்கு அதைத் தவிர வேறு வேலை கொடுக்காதீர்கள், டீ வாங்கக்கூட அனுப்பாதீர்கள்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டார். நான் என்ன செய்வது?

இறங்காதீர்கள்.

இதை எழுதுவது எளிது, அந்த நேரத்தில் செய்வது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே கிடப்பது உங்கள் தம்பியாக இருக்கலாம். ஆனால் முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கிய அண்ணன், அவரைத் தூக்க இறங்கிய பக்கத்து வீட்டுக்காரர் என்று இரண்டு மூன்று பேர் ஒரே தொட்டியில் போயிருக்கிறார்கள். அவரை வீழ்த்திய காற்றைத்தான் நீங்களும் மூச்சில் இழுப்பீர்கள். துண்டை நனைத்து மூக்கில் கட்டினால் ஆக்சிஜன் வந்துவிடாது.

உடனே 112 அல்லது தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. அவர்களிடம் மூச்சுக் கருவி உண்டு. அவர்கள் வருவதற்குள் புளோயர், ஃபேன், எதுவானாலும் காற்றை உள்ளே தள்ளுங்கள். எல்லா மூடிகளையும் திறங்கள், மேல் ஸ்லாப்பை உடைக்க முடிந்தால் ஓரமாக உடையுங்கள். அவர் பெல்ட்டில் கயிறு இருந்தால் இழுத்துவிடலாம். ஒரு கயிற்றுக்காக இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

பயன்பாட்டில் உள்ள செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஒரு ஆள் கேட்கிறார்கள். போகலாமா?

போகவும் வேண்டாம், ஆளை அனுப்பவும் வேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது குற்றம். இறக்கியவருக்குச் சிறை உண்டு. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உறிஞ்சும் லாரியை அழையுங்கள்.

சாரத்தில் ஏறும் முன் என்ன பார்க்க வேண்டும்? பத்து வருடமாக ஏறுகிறேன், பழக்கம்தானே?

ஒரு மாடி உயரம் சுமார் 3 மீட்டர். அங்கிருந்து விழுந்து தரையைத் தொட ஒரு நொடிகூட ஆவதில்லை, சுமார் முக்கால் நொடிதான். தொடும்போது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். எவ்வளவு பழகினாலும் முக்கால் நொடியில் எதையும் பிடிக்க முடியாது.

சவுக்குக் கம்புச் சாரத்தில் நான் முதலில் பார்ப்பது கயிற்றை. வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, மறுபடி காய்ந்த கயிறு முடிச்சில் தளர்ந்திருக்கும். முந்தின ராத்திரி மழையோ காற்றோ இருந்தால் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பாருங்கள். அப்புறம் கம்பின் அடி. மண்ணில் புதைந்த பகுதியைக் காலால் தட்டினால் மக்கிய கம்பின் சத்தம் மொத்தென்று வரும். நிற்கும் பலகை ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டு மூன்று சேர்த்துப் போட்டு இரு முனையும் கட்டியிருக்க வேண்டும். கட்டாத பலகையின் நுனியில் காலை வைத்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும். அப்படி விழுபவர்கள் நிறைய. ஏணி என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே தள்ளி நிறுத்துங்கள். ஏறி இறங்கும் தளத்துக்கு மேலே மூன்றடியாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

பெல்ட் போட்டால் போதுமா?

இடுப்பில் கட்டும் பட்டை வேண்டாம். விழும்போது அது வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிவரும் முழு பெல்ட்தான் சரி. கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டுங்கள். சாரக் கம்பில் மாட்டினால் சாரத்தோடு சேர்ந்து விழுவீர்கள். தூண் கம்பியிலோ பீமைச் சுற்றிய கயிற்றிலோ மாட்ட வேண்டும். இன்னொன்று, காலடியில் மாட்டிய 1.8 மீட்டர் கயிறும் அதிர்ச்சி தாங்கும் பையும் முழுதாக விரிந்தால் கீழே 5, 6 மீட்டர் இடம் தேவை. முதல் மாடி உயரத்தில் அது உங்களைப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். அங்கே குட்டைக் கயிறும் கைப்பிடித் தடுப்பும்தான் உதவும். ஒருமுறை விழுந்து தாங்கிய பெல்ட்டை வெட்டிப் போட்டுவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையில் நேராகக் காலை வைக்காதீர்கள். பழைய ஷீட் உடைவதற்கு முன் சத்தம் போடாது. நீளப் பலகையைப் போட்டு அதன் மேல் நடங்கள்.

கட்டிங் மெஷினில் வீலை மறைக்கும் கார்டைக் கழற்றினால்தான் மூலை எட்டுகிறது. கழற்றலாமா?

நாலு அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதன் விளிம்பு ஓடும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வீல் உடைந்தால் துண்டு அந்த வேகத்தில் வரும். அது வருவது உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும். கார்டைக் கழற்றுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் மூலை இல்லை, நாலு அங்குல மெஷினில் ஐந்து அங்குல வீலை மாட்டுவது. அதைவிட மோசம், மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவது. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையிலிருந்து எகிறித் தொடையில் இறங்கும். மரத்துக்கு மர மெஷின்தான்.

வீலின் நடுவில் உள்ள தகர வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். அதுவரைதான் அதன் ஆயுள். ஈரத்தில் கிடந்த வீலும் வேண்டாம். புது வீல் மாட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கழுத்துத் துண்டும் தொளதொளத்த நூல் கையுறையும் சுழலும் எதற்கும் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணாடி இல்லாமல் மெஷினைத் தொடாதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டால்?

கையைத் தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சிட்டு, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் தசை செத்துவிடும். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒட்ட வைக்க வாய்ப்பு உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

தூசிக்குத் துண்டு கட்டிக்கொள்கிறேன், போதாதா?

கண்ணுக்குத் தெரியும் தூசியைத் துண்டு பிடிக்கும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத தூசி. கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. பைப் புதைக்கச் சுவர் வெட்டும்போது அறை முழுக்க வெள்ளையாகிறதே, அதில் அதுவும் இருக்கிறது. பல வருடம் சுவாசித்தால் நுரையீரல் தழும்பாகி இறுகிப்போகும். சிலிக்கோசிஸ் என்பார்கள். வந்த பிறகு குணப்படுத்த மருந்தில்லை, காசநோயும் எளிதில் தொற்றும். தண்ணீர் விட்டு வெட்டுங்கள், ஆர்சிசிபி உள்ள போர்டில். உலர்வாகத்தான் வெட்ட வேண்டும் என்றால் என்95 மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்கட்டும். காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

கான்கிரீட் போடும்போது வெறுங்காலில் நிற்கலாமா?

நிற்காதீர்கள். சிமெண்ட் கலவை சுண்ணாம்பு மாதிரியே அரிக்கும். முதலில் எரிச்சல் தெரியாது, சாயங்காலம் கால் கழுவும்போது விரலிடுக்கில் தோல் உரிந்திருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும். சித்தாள் பெண்களுக்கு யாரும் வாங்கித் தருவதில்லை. ஆனால் கலவையில் அதிகம் நிற்பது அவர்கள்தான். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிய பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். கழுவாமல் ஓடக் கூடாது.

வெல்டிங் பார்த்துக் கண் உறுத்துகிறது. தாய்ப்பால் விடலாமா?

வேண்டாம், உருளைக்கிழங்குச் சாறும் வேண்டாம். வெல்டிங் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது. வெயிலில் தோல் எரிவது போல. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், மணல் கொட்டியது போல உறுத்தும். குளிர்ந்த துணி ஒத்தடம், இருட்டு அறை, மறுநாள் கண் மருத்துவர். சுட்ட இடத்தில் கிருமி போய்விட்டால் பார்வைக்கே கேடு. பக்கத்தில் பைப் பிடித்து நிற்கும் உதவியாளுக்கும் கண்ணாடி வேண்டும். பல கடைகளில் அவர் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

சென்டரிங்கை எத்தனை நாளில் பிரிக்கலாம்?

சாதாரண சிமெண்டுக்கு இந்தியத் தர விதி 456 சொல்லும் அளவு: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள், இன்ஜினியரைக் கேளுங்கள். சென்டரிங்காரர் அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று அவசரப்படுத்துவார். அவருக்காக ஒருநாள் குறைக்காதீர்கள்.

அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டும்போது மண் சரியுமா?

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இடுப்புவரை மூடினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது, மார்புவரை மூடினால் மூச்சு விட முடியாது. ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கத்துக்குப் பலகை முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் சரிவாக வெட்டுங்கள். தோண்டிய மண்ணையும் ஜேசிபியையும் விளிம்பில் நிறுத்தாதீர்கள். மழை பெய்த மறுநாளும், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டும்போதும் இரட்டிப்புக் கவனம் தேவை.

கரண்ட் அடித்து மயங்கிவிட்டார். முதலில் என்ன?

மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். தண்ணீர் புகட்டுவது, மண்ணில் புதைப்பது எல்லாம் நேரத்தைக் கொல்லும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

மேஸ்திரியிடம் கேட்டால் "நாளைக்கு வராதே" என்கிறார். என்ன செய்வது?

நான் உதவியாளாக இருந்தபோது எனக்கும் இதுதான் நடந்தது. அதனால் "உரிமையைக் கேளுங்கள்" என்று வெறுமனே சொல்ல மாட்டேன். தனியாகக் கேட்காதீர்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேளுங்கள். எல்லாவற்றையும் கேட்காமல் ஒன்றைக் கேளுங்கள்: போர்டில் ஆர்சிசிபி. மேஸ்திரி மறுத்தால் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். தன் வீட்டில் ஒரு சாவு விழுவதை எந்த வீட்டுக்காரரும் விரும்ப மாட்டார். சம்ப்பில் இறங்கச் சொன்னால் மட்டும் கூலி போனாலும் போகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அடிபட்டால் இழப்பீடு கிடைக்குமா? நான் தினக்கூலிதான்.

கிடைக்கும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தினக்கூலிக்கும் பொருந்தியது. அதன் சரத்துகள் இப்போது 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வேலைக்கு வைத்தவர் கொடுக்க வேண்டும். மரணம் என்றால் மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கணக்கில் எடுக்கும் கூலியின் உச்சவரம்பு 2020-இல் 15,000 ரூபாயாக வைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 13 லட்சத்து 81 ஆயிரத்துச் சொச்சம் வரும். கையில் ஐம்பதாயிரம் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

இதோடு தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை பதியலாம். வீட்டுக்காரர் பிளான் அனுமதி வாங்கும்போது கட்டும் 1 சதவீத செஸ் (தொழிலாளர் நல வரி) அங்கேதான் போகிறது. விபத்து, இயற்கை மரணம், பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதில்தான் பலருக்குப் பணம் நின்றுபோகிறது. கூலி வாங்கும் தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஜிபேயில் வாங்கினால் அந்தப் பதிவே போதும். வேலை செய்யும் இடத்தில் உங்கள் முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வீட்டில் உள்ளவர்களின் போனுக்கு அனுப்பி வையுங்கள். விபத்து நடந்தால் மருத்துவமனையில் "சைட்டில் வேலை செய்யும்போது" என்று எழுதச் சொல்லுங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதிவிட்டால், அப்புறம் அதை மாற்றுவது படாத பாடு.